சதுரங்கக் காய்: மரமும் அளவும்

ஆடுபுலி ஆட்டத்துக்குக் காய் தேடி எவரும் அலைவதில்லை. புலிக்கு 3 கற்கள், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டைகள், திண்ணையிற் கரியால் வரைந்த சில கோடுகள். அவ்வளவில் ஆட்டம் தொடங்கிவிடும். காய்கள் இரண்டே வகையினவாதலின், கல்லுக்கும் கொட்டைக்கும் உள்ள வேற்றுமையே போதுமானதாகின்றது. சதுரங்கத்தின் நிலை அத்தகையதன்று. அதில் 32 காய்கள் உள. அவை இரு நிறத்தன. ஒவ்வொரு நிறத்திலும் அரசன், அரசி, மந்திரி, குதிரை, கோட்டை, காலாள் என ஆறு வகையின. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி நடை உண்டு. அரசியை மந்திரியென மயங்கியவன் ஆட்டத்தையே இழந்துவிடுவான். அன்றியும், தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்பது இவ்வாட்டத்தின் கண்டிப்பான விதி. கண் செய்த பிழையைக் கை திருத்திக்கொள்ள அங்கு இடமில்லை. ஆகவே சதுரங்கக் காயை எப்பொருளாற் செய்வது, எவ்வளவு பெரிதாகச் செய்வது என்ற கேள்வி வெறும் அழகைப் பற்றியதன்று. எதிரெதிரே அமர்ந்த இருவர்க்கும் ஒரே தெளிவை அளிக்கும் நீதியைப் பற்றியது அது. இந்த நீதியைக் கைவினைஞர் கண்டடைவதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன.

சதுரங்கம் இந்திய மண்ணிற் பிறந்தது. கி. பி. 6ஆம் நூற்றாண்டளவில் அது வட இந்தியாவில் வழங்கியது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே அதன் பெயருக்குக் காரணம். அங்கிருந்து அது பாரசீகம் சென்று, பின்னர் அராபியர் கைக்கு மாறியது. தொடக்ககாலக் காய்கள் சில, யானையை யானையாகவும் வீரனை வீரனாகவும் காட்டும் சிற்றுருவங்களாயிருந்தன. 1977இல் சமர்க்கந்து நகரருகே அப்ராசியாப் என்னும் பழைய இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 7 சிறு தந்தக் காய்கள் இதற்குச் சான்று. ஆயின், அராபிய உலகில் உயிருள்ளவற்றின் உருவத்தை வடிக்காது தவிர்க்கும் வழக்கம் வலுப்பெற்றபொழுது காய்களின் தோற்றம் மாறிற்று. யானைக்கு இரண்டு சிறு முனைகள், குதிரைக்கு முன்னோக்கி நீண்ட ஒரு முனை, அரசனுக்கு அரியணையை ஒத்த ஒரு பருத்த வடிவம், இவ்வளவே அடையாளங்களாயின. ஒரு காயை இனங்காண முழு உருவமும் வேண்டியதில்லை, மற்றையவற்றிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டும் ஒரு குறி போதும் என்பதை இவ்வெளிய காய்கள் உணர்த்தின.

எளிமையிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அக்குறியின் பொருளை அறியாதவர் அதனைத் தம் வழக்கிற்கேற்ப விளங்கிக்கொண்டனர். யானையின் இரு தந்தங்களைக் குறித்த முனைகளை ஐரோப்பியர் கிறித்தவ ஆயர் அணியும் பிளவுபட்ட தலையணியெனக் கொண்டனர் என்பர். தமிழர் மந்திரி எனவும், ஆங்கிலேயர் ஆயர் எனவும் இன்று அழைக்கும் காய் ஆதியில் யானையாயிருந்த வரலாறு இதுவே.

ஐரோப்பாவை அடைந்த சதுரங்கம் மீண்டும் உருவங்களை நாடிற்று. 1831இல் ஸ்கொட்லாந்தின் மேற்கேயுள்ள லூயிஸ் தீவில் ஒரு பழம்புதையல் வெளிப்பட்டது. அதிற் கிடைத்தனவாக அறியப்பட்ட 93 பொருள்களில் 82 இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையிலும் 11 எடின்பரோவிலுள்ள நூதனசாலையிலும் பேணப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சதுரங்கக் காய்கள். அவை 12ஆம் நூற்றாண்டில், அனேகமாக நோர்வே நாட்டுத் துரொண்தெயிம் நகரில், செதுக்கப்பட்டவை என அறிஞர் கருதுகின்றனர். வடகடலில் வாழும் வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தமே அவற்றின் முதன்மையான மூலப்பொருள். அத்தந்தத்தின் புறப்பகுதி இறுகி வழவழப்பாயிருக்கும், உட்பகுதி சொரசொரப்பானது. செதுக்குபவன் தந்தத்தின் அகலத்தை மீறி அரசனைப் பருமனாக்க இயலாது. ஆகவேதான் லூயிஸ் தீவின் அரசனும் அரசியும் கைகால்களை ஒடுக்கி, வாளையோ கன்னத்தையோ பற்றியபடி, ஒரே திரளையாய் அமர்ந்திருக்கின்றனர். காலாள்களோ உருவமின்றி நடுகற்களைப் போலச் சிறியவாய் நிற்கின்றன. காயின் அளவைக் கைவினைஞன் தன் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. விலங்கின் பல் அதனைத் தீர்மானித்தது.

பின்வந்த நூற்றாண்டுகளில் யானைத் தந்தம் செல்வர் வீட்டுச் சதுரங்கப் பேழைகளை நிறைத்தது. தந்தம் இயல்பில் வெண்மையானதாதலின், எதிர்ப்படையை வேறுபடுத்த அதற்குச் செஞ்சாயம் ஏற்றுவது இங்கிலாந்தில் வழக்கமாயிற்று. வங்காளத்தில் முர்சிதாபாத்தை அடுத்த பெர்காம்பூரிலும், ஆந்திரக் கரையில் விசாகப்பட்டினத்திலும் இருந்த தந்தக் கலைஞர், கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தருக்காகப் படைவீரரும் யானைகளுமாய் நுணுக்கமான காய்களைச் செதுக்கினர். அவை காண்போர் வியக்கத்தக்கன. ஆயினும் அவற்றை வைத்து ஆடுவது இலகுவாயிருக்கவில்லை. அம்பாரியின் விளிம்பு ஒடியும். ஈட்டியின் முனை முறியும். அகன்ற அங்கிகளும் குடைகளும் அடுத்த கட்டத்தை மறைக்கும். அக்காய்களிற் பல கண்ணாடிப் பேழைக்குள்ளேயே ஆயுளைக் கழித்தன.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாள்தோறும் ஆடுவோர் கையாண்ட ஐரோப்பியக் காய்களிலும் குறைகள் இருந்தன. ஆங்கிலேயர் ஒரு வடிவத்தையும் பிரெஞ்சுக்காரர் வேறொரு வடிவத்தையும் வழங்கினர். பல காய்கள் மெல்லிய நெடுங்கழுத்தும் ஒடுங்கிய அடியும் கொண்டு, சட்டையின் கை பட்டாலே சாய்ந்துவிடும். அரசிக்கும் மந்திரிக்கும் உள்ள வேற்றுமை சில தொகுதிகளில் ஓரிரண்டு வளையங்களிலேயே தங்கியிருந்தது. ஓரூரார் தம்முள் ஆடியவரை இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. பழக்கம் அதனை மூடிவைத்தது. நாட்டுக்கு நாடு சென்று ஆடும் காலம் வந்தபொழுது, அயல்நாட்டுக் காய்களைப் பழகாதவன் ஆட்டம் தொடங்குமுன்னரே பின்தங்கினான்.

இந்நிலையில், 1849ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி, நத்தானியேல் குக் என்பவர் இலண்டனில் ஒரு புதிய காய்த்தொகுதியின் வடிவத்தைச் சட்டப்படி பதிவுசெய்தார். அதனை உற்பத்தி செய்தது, 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் கடைசல் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜேக்ஸ் குடும்பத்தின் நிறுவனம். அக்காலத்திற் புகழ்பெற்ற ஆட்டக்காரரும் பத்திரிகைகளிற் சதுரங்கப் பகுதி எழுதியவருமான ஹவார்ட் ஸ்டோன்டன் அதனைப் போற்றி எழுதினார். அவருடைய கையொப்பம் பொறித்த சீட்டுடன் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. இவ்வாறு ஒருவர் பதிந்து, வேறொருவர் செய்து, மூன்றாமவர் பெயரால் நிலைபெற்ற வடிவமே ஸ்டோன்டன் வடிவம். இரண்டாண்டுகளின் பின், 1851இல், முதலாவது சர்வதேசச் சதுரங்கப் போட்டி இலண்டனிலே நடைபெற்றது. பல நாட்டார்க்கும் பொதுவானதொரு காய் வேண்டும் என்ற தேவை அக்காலத்தில் எவ்வளவு கனிந்திருந்தது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளின் அண்மை காட்டும்.

ஸ்டோன்டன் வடிவத்தின் சிறப்பு, அதனைக் கடைசற் பொறியிலே செய்யலாம் என்பதில் அடங்கியுள்ளது. 32 காய்களில் 28, சுழலும் மரத்தில் உளியை வைத்துக் கடைந்தெடுக்கத்தக்கன. அரசனின் சிலுவை, அரசியின் முடிப்பற்கள், மந்திரியின் தலைப்பிளவு, கோட்டையின் கொத்தளம் ஆகியவை பின்னர்ச் சேர்க்கும் சிறு வேலைகள். எஞ்சிய 4 குதிரைகளே முழுவதும் கையாற் செதுக்க வேண்டியவை. ஆகவே செதுக்குச் சிற்பியின் உழைப்பு முழுவதும் அக்குதிரைத் தலைகளிற் குவிந்தது. ஏதென்ஸ் நகரப் பார்த்தினன் கோயிலிலிருந்து பிரித்தானிய நூதனசாலைக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைத்தலைச் சிற்பமே அதற்கு முன்மாதிரி எனச் சொல்லப்படுகின்றது. ஒரு தொகுதியின் தரத்தை மதிப்பிட விரும்புவோர் இன்றும் முதலிற் குதிரையை எடுத்துப் பார்ப்பது இக்காரணத்தாலேயாம்.

இனி, மரத்தைப் பற்றி நோக்குதல் தகும். இவ்வடிவத்துக்கு இரண்டு மரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வெண்படைக்குப் பொக்ஸ் எனப்படும் ஐரோப்பிய மரம், கரும்படைக்குக் கருங்காலி. பொக்ஸ் மரம் இளமஞ்சள் நிறமுடையது. மிக மெதுவாக வளரும் சிறுமரமாதலின் அதன் இழைகள் நெருங்கி, கூரிய உளியின் நுண்ணிய கோட்டையும் சிதறாமல் ஏற்கும். கருங்காலியும் அத்தன்மையதே. அதன் வைரம் நீரிலிட்டால் மூழ்கத்தக்க கனமுடையது. இரண்டும் ஏறக்குறைய ஒத்த இறுக்கமுடையனவாதலின், இரு படைகளும் கையில் ஒத்த கனத்துடன் அமைந்தன. சாயம் ஏற்றும் தேவையும் ஒழிந்தது. பல்லாண்டு விரல்பட்டுத் தேய்ந்தாலும் கருங்காலியின் கருமை அடிவரை கருமையே.

இவ்விடத்தில் இலங்கைக்கு ஓர் உரிமைத் தொடர்புண்டு. இந்நாட்டு வறண்ட வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலி, கருமையாலும் மெருகாலும் உலகச் சந்தையில் உயர்வாக மதிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அதனாற் செய்த நாற்காலிகளும் பெட்டகங்களும் பழைய இல்லங்களின் செல்வமாயிருந்தன. தமிழ்நாட்டிற் கருங்காலி என்னும் பெயர் வேறொரு முள்மரத்துக்கும் வழங்குதலால், மரம் வாங்குவோர் பெயரைக் கேட்டு மட்டும் ஏமாறுதல் கூடாது. மேலும் கருங்காலி மரம் முழுவதும் கருமையன்று. புறத்தேயுள்ள வெளிறு வெளுப்பாயிருக்கும். நடுவிலுள்ள வைரமே கருநிறமுடையது. நெடுங்காலம் நின்ற ஒரு மரத்தை வீழ்த்தினும் கைக்குக் கிடைக்கும் கருமை சிறிதளவே.

மரத்தைத் தேர்ந்தெடுத்தபின் பொறுமை வேண்டும். பச்சை மரத்தைக் கடைந்து வட்டமாக்கினால், ஈரம் வற்றும்போது அவ்வட்டம் நீள்வட்டமாய்க் கோணும். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் வழியே மிகுதியாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் சுருங்கும். ஆகவே தேர்ந்த தொழிலாளர் துண்டுகளின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் நெடுநாள் உலர்த்துவர். மரத்தின் நடுநெஞ்சை நீக்கிவிடுவர். அது வெடிப்புக்குத் தாய். இழை காயின் உயரத்தோடு நிமிர்ந்து ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மந்திரியின் மெல்லிய கழுத்து முதல் வீழ்ச்சியிலேயே முறியும். கடையும்போது தகட்டில் வெட்டிய அளவுப்படி ஒன்றை வைத்து, 16 காலாள்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என அடிக்கடி ஒத்துப் பார்ப்பர். ஓர் அரசனை அழகாகக் கடைபவர் பலர். 16 காலாள்களை ஒரே அச்சாகக் கடைபவரே தேர்ந்தவர். இறுதியில் அரக்கோ மெழுகோ இட்டு மெருகேற்றுவர். அம்மெருகும் அளவோடிருத்தல் வேண்டும். விளக்கொளியைத் திருப்பி வீசிக் கண்ணைக் கூசச் செய்யும் காய் ஆட்டத்துக்கு ஏற்றதன்று.

அளவைப் பற்றிய விதிகளும் இங்ஙனம் அனுபவத்திலிருந்து பிறந்தனவே. 1924இல் பாரிஸ் நகரில் நிறுவப்பட்ட உலகச் சதுரங்கச் சம்மேளனம், போட்டிகளுக்கு ஸ்டோன்டன் வடிவத்தையே பரிந்துரைக்கின்றது. அதன் கைந்நூல் குறிக்கும் உயரங்கள் அரசனுக்கு 9.5 சென்ரிமீற்றர், அரசிக்கு 8.5, மந்திரிக்கு 7, குதிரைக்கு 6, கோட்டைக்கு 5.5, காலாளுக்கு 5 என்பனவாம். பத்தில் ஒரு பங்கு கூடலாம், குறையலாம். ஆயின் உயர்வு தாழ்வு வரிசை மாறலாகாது. காயின் அடிவட்டம் அதன் உயரத்தில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு இருத்தல் வேண்டும். பலகையின் ஒரு கட்டம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் அகலமுடையதாயிருத்தல் தகும். ஒரு கட்டத்துள் 4 காலாள்களை நிறுத்த இடமிருந்தால் பலகையும் காயும் பொருந்தின என்பது தொழிலாளர் கைக்கணக்கு.

இவ்வெண்கள் கட்டளைபோலத் தோன்றினும், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு விரலோ ஒரு கண்ணோ இருக்கின்றது. கட்டத்தைக் காய் முழுவதும் நிரப்பினால், அடுத்த காயைத் தள்ளாமல் விரலை நுழைக்க இயலாது. காய் மிகச் சிறுத்தாற் பலகை வெறிச்சோடி, காய்களுக்கிடையேயுள்ள தொடர்பு கண்ணுக்குப் புலப்படாது. அரசனுக்கும் அரசிக்குமிடையே உள்ள வேற்றுமை 1 சென்ரிமீற்றர். தொகுதி முழுவதையும் பாதியாகக் குறைத்தால் அது அரை சென்ரிமீற்றராகும்; நான்கு மணிநேரம் ஆடிக் களைத்த கண் அதனைத் தவறவிடக்கூடும். கோட்டைக்கும் காலாளுக்கும் உயரத்தில் உள்ள வேற்றுமை சிறிதாயினும், கோட்டையின் பருமன் அக்குறையை நிறைவு செய்கின்றது.

நிமிர்ந்து நிற்பதற்கும் ஒரு வழி கண்டனர். காயின் அடியைக் குடைந்து ஈயத்தை இட்டு, மேலே கம்பளித் துணியை ஒட்டினர். கனம் அடியில் தங்குதலாற் சாய்ந்த காய் தானே நிமிரும். துணி பலகையைக் கீறாமற் காக்கும். எனினும், ஈயம் சுருங்காது, மரம் சுருங்கும். நன்கு உலராத மரத்தில் ஈயமிட்ட அரசன், ஆண்டுகள் சென்றபின் அடியிலிருந்து நெடுக வெடித்து நிற்பதைப் பழைய தொகுதிகளிற் காணலாம். அவசரத்தின் அடையாளம் அவ்வெடிப்பு.

காயின் வடிவம் கண்ணுக்கு மட்டுமன்றிக் கைக்கும் உரியது என்பதற்குப் பார்வையற்றோர் ஆடும் சதுரங்கத்தினும் சிறந்த சான்று இல்லை. அவர்தம் பலகையிற் கருங்கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை உண்டு. காயின் அடியிலுள்ள முளை அதிற் பொருந்தி நிற்கும். கருங்காய்களின்மேல் தடவி உணரத்தக்க ஓர் அடையாளம் வைக்கப்பட்டிருக்கும். விரல்நுனி பலகைமீது மெல்லத் தவழ்ந்து, மந்திரியின் பிளவையும் குதிரையின் பிடரியையும் கோட்டையின் பற்களையும் படித்து, போர்க்களம் முழுவதையும் உள்ளத்தில் வரைந்துகொள்ளும். தெளிவுக்காக அழகைக் கட்டுப்படுத்திய கைவினைஞனின் முயற்சி இங்கே முழுப்பயன் பெறுகின்றது.

இத்தெளிவுக்கு உலகம் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. மொரீசியஸ் தீவில் 1638இற் குடியேறிய ஒல்லாந்தரை அங்கு ஈர்த்தவற்றுள் கருங்காலியும் ஒன்று. அத்தீவின் கருங்காலிக் காடுகள் கோடரிக்கு இரையாயின. இலங்கைக் காடுகளிலும் பெருமரங்கள் அருகின. யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகம் 1989இல் எடுத்த முடிவினால் தடைசெய்யப்பட்டது. மடகஸ்கார்க் கருங்காலி 2013இலும், சீசம் மரத்தை உள்ளடக்கிய தல்பெர்ஜியா இனம் முழுவதும் 2017இலும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இலங்கையிலும் கருங்காலியை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

ஆயினும் கைவினை மாண்டுபோகவில்லை. பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரம் இன்று கையாற் செய்யும் சதுரங்கக் காய்களுக்குப் பெயர்பெற்ற இடம். அங்கு கடைபவர் வேறு, குதிரையைச் செதுக்குபவர் வேறு. பல தொகுதிகளில் இரு படைகளும் ஒரே வெளிர்மரத்தாற் செய்யப்பட்டு, ஒன்றுக்கு மட்டும் கருஞ்சாயம் ஏற்றப்படுகின்றது. கருங்காலியின் இயற்கைக் கருமை அதற்கில்லை. அடிபட்ட இடத்தில் உள்மரம் வெளுத்துத் தோன்றும். ஆனால் அரசனை அரசனென இனங்காட்டுவதில் அது எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆட்டத்துக்கு வேண்டியது அத்தெளிவேயாதலின், அரிய மரமொன்றை வீழ்த்தாமலே நீதியான காயைச் செய்யலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையிற் காய் செய்ய முற்படுவோரும் இவ்வழியைக் கைக்கொள்ளலாம். பெரிய அரசனுக்கும் 10 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு கட்டை போதும். மொறட்டுவை போன்ற இடங்களின் தளபாடப் பட்டறைகளில் எஞ்சும் துண்டுகளிலே ஒரு தொகுதி பிறந்துவிடும். முதிரை, மஞ்சட்கடம்பு ஆகியவற்றின் துண்டுகள் வெண்படைக்கு ஏற்ற இளமஞ்சள் நிறமும் நெருங்கிய இழையும் உடையன. உடைந்துபோன பழைய கருங்காலி நாற்காலியின் கால் ஒன்று பல காலாள்களை ஈனும். பனையின் வைரம் கருமையாயிருப்பினும் அது நாராய்ப் பிரியுமாதலின் நுண்கடைசலுக்கு உதவாது. மரம் நன்கு உலர்ந்ததா, இழை நிமிர்ந்து ஓடுகின்றதா, கட்டத்துக்கு அளவு பொருந்துகின்றதா என்னும் மூன்றையும் நோக்கிச் செய்த காய் தலைமுறைகளுக்கு நிற்கும்.

ஆட்டம் முடிந்தபின் அரசனும் காலாளும் ஒரே பெட்டிக்குட் செல்வது உலக வழக்கு. அப்பெட்டியை மீண்டும் திறப்பவன் யாவனாயினும், எம்மொழி பேசுவோனாயினும், ஒவ்வொரு காயையும் நொடியில் இனங்கண்டு அஞ்சாமற் கைவைக்கலாம். அவனுக்கு அந்த உறுதியை அளித்தவன், பெயர் பொறிக்கப்படாத ஒரு கடைசற்காரன்.